எழுந்து காட்டுங்கள்

என் கிளினிக்கில் பரிசோதனைக் கட்டிலுக்கு அடியில் ஒரு கோரைப்பாயை எப்போதும் சுருட்டி வைத்திருப்பேன். "கை கால் ஓஞ்சு வருது", "முன்ன மாதிரி நடக்க முடியல" என்று சொல்லி யார் வந்தாலும் அந்தப் பாயை விரித்து, "சம்மணம் போட்டு உக்காருங்க. இப்ப எதையும் பிடிக்காம எழுந்து காட்டுங்க" என்பேன். தசை, நரம்பு சம்பந்தப்பட்ட நோய்களில் பலவற்றுக்கு எனக்கு முதல் துப்பு கிடைத்தது அந்தப் பாயில்தான். வெறும் அசதியோடு வந்தவர் சலித்துக்கொண்டே எழுந்துவிடுவார். தசை வலுவிழந்தவருக்கு எழ மனம் இருக்கும், உடம்பு வழிவிடாது. கையை ஊன்றுவார், பக்கவாட்டில் சாய்வார், கட்டில் காலைத் தேடுவார். இந்த வித்தியாசத்தை எந்த ரத்தப் பரிசோதனையும் இவ்வளவு சீக்கிரம் காட்டித் தராது.

புதுக்கோட்டை மாவட்டத்தில், தஞ்சாவூர் எல்லையை ஒட்டிய ஒரு சிறிய ஊரில் பொது மருத்துவம் பார்க்கிறேன். சளி, காய்ச்சல், சர்க்கரை, பிரஷர், தேள்கடி, கர்ப்பிணிகள் என்று நாள் போகும். நரம்பில் மின்சாரம் பாய்ச்சிப் பார்க்கும் சோதனை, தசையில் துணுக்கெடுத்துப் பார்ப்பது எல்லாவற்றுக்கும் தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ மதுரைக்கோதான் போக வேண்டும். அங்கே நல்ல நரம்பியல் மருத்துவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அங்கே அனுப்ப வேண்டும் என்ற எண்ணம் இங்கேதான் வர வேண்டும். அவர்கள் நோயின் பெயரை எழுதித் திருப்பி அனுப்பிய பிறகு, அந்த நோயோடு அந்தக் குடும்பம் வாழும் வருடங்களும் இங்கேதான் கழிகின்றன.

எங்கள் பக்கத்தில் உடம்பு தளர்ந்தால் ஜனங்கள் கேட்டு வாங்குவது 'நரம்பு ஊசி'. சிவப்பாக இருக்கும் பி12 ஊசி அது. உண்மையிலேயே பி12 குறைந்தவருக்கு அது அருமருந்து. மற்றவர்களுக்கு மாதக்கணக்கில் காலம் போகும், அவ்வளவுதான். அதனால் ஊசிக்கு முன்னால் ஒரு கேள்வி கேட்பேன்: "போன பொங்கலுக்குச் செய்ய முடிஞ்சு இந்தப் பொங்கலுக்கு முடியாம போனது என்ன?" பதிலில் பாதி நோய் வந்துவிடும். குடத்தை இடுப்பில் ஏற்ற முடியவில்லை, பஸ் படி ஏற முடியவில்லை, தலை பின்னக் கையைத் தூக்கினால் நிற்கவில்லை என்றால் இடுப்பையும் தோளையும் சேர்ந்த தசைகள். சட்டைப் பித்தான் போட வரவில்லை, செருப்பு கழன்று விழுந்ததே தெரியவில்லை என்றால் நரம்பைப் பார்க்க வேண்டும். அப்போது மரத்துப்போன தேமல் இருக்கிறதா என்று முதுகுவரை பார்த்து, முழங்கைக்குப் பின்னால் நரம்பு தடித்திருக்கிறதா என்று விரலால் உருட்டியும் பார்த்துவிடுவேன். தொழுநோய் இன்னும் நம்மை விட்டு முழுதாகப் போகவில்லை. சீக்கிரம் கண்டுபிடித்தால் மடங்கிப்போகவிருந்த விரல்கள் தப்பிக்கும், மருந்தும் இலவசம்.

குணப்படுத்தக்கூடியதைக் கோட்டைவிடக் கூடாது என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. இடுப்பை ஆட்டி ஆட்டி வாத்து நடை நடந்து வந்த ஒரு பெண்ணைப் பரம்பரைத் தசை நோய் என்று சொந்தக்காரர்கள் முடிவுகட்டி வைத்திருந்தார்கள். வைட்டமின் டி அடிமட்டத்தில் இருந்தது, எலும்பு மிருதுவாகிப் போயிருந்தது. சில மாத மருந்தில் நிமிர்ந்து நடந்தார். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் இப்படி ஆகும். கொழுப்புக்குக் கொடுக்கும் ஸ்டாட்டின் மாத்திரையாலும் சிலருக்கு ஆகும். இவற்றையெல்லாம் உள்ளூர் லேபிலேயே பார்த்துவிடலாம்.

ஆனால் அந்தப் பாயில் எழுந்தவர்களில் என்னை அதிகம் பாதித்தது ஒரு சின்னப் பையன். ஐந்து வயது. அம்மாவும் அப்பத்தாவும் கூட்டிவந்தார்கள். வந்தது நடைக்காக அல்ல, ஈரலுக்காக. ஏதோ காய்ச்சலுக்கு எடுத்த ரத்தப் பரிசோதனையில் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி இரண்டும் ஏகத்துக்கு ஏறியிருந்தன. 'காமாலை' என்று சொல்லி, உப்பில்லாப் பத்தியம், கீழாநெல்லி என்று பிள்ளையை வாட்டிக்கொண்டிருந்தார்கள். கண்ணில் மஞ்சள் இல்லை. பிலிருபின் சரியாக இருந்தது. "ஓடியாடுறானா?" என்று கேட்டேன். "கொஞ்சம் சோம்பேறி. அடிக்கடி விழுவான். ஆனா கெண்டைக்காலப் பாருங்க, நல்லா பலமா இருக்கு" என்று அப்பத்தா பெருமையாகக் காலைத் தூக்கிக் காட்டினார். பருத்து, ரப்பர் போலக் கெட்டியாக இருந்தது கெண்டைக்கால்.

பாயில் உட்காரவைத்து எழச் சொன்னேன். பையன் முதலில் குப்புறத் திரும்பினான். இரண்டு கையையும் தரையில் ஊன்றி, காலை அகட்டி, பின்புறத்தை மேலே தூக்கினான். பிறகு ஒரு கை முழங்காலுக்கு வந்தது, அடுத்த கை மற்ற முழங்காலுக்கு. தன் தொடையின் மேலேயே கைகளை ஒவ்வொன்றாக ஏற்றி, தன் உடம்பைத் தானே பிடித்து ஏறி நிமிர்ந்தான். நிமிர்ந்ததும் சிரித்தான். லண்டன் மருத்துவர் வில்லியம் கோவர்ஸ் 1879-இல் விவரித்த அதே எழுச்சி. நோய்க்குப் பெயர் தந்த பிரெஞ்சு மருத்துவர் துஷேன் அதற்கும் முன்னால், 1860-களில், இப்படிப்பட்ட சிறுவர்களைப் பற்றி எழுதியிருந்தார்.

துஷேன் தசைச்சிதைவு என்ற இந்த நோயில் டிஸ்ட்ரோபின் என்ற புரதம் உடம்பில் உருவாவதில்லை. தசை இழையின் உறையை உள்ளிருந்து தாங்கிப் பிடிப்பது அதுதான். அது இல்லாமல், தையல் விட்ட சாக்கிலிருந்து அரிசி சிந்துவதுபோல, ஒவ்வொரு அசைவிலும் தசைக்குள் இருப்பவை ரத்தத்தில் சிந்துகின்றன. எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி இரண்டும் ஈரலுக்கு மட்டும் சொந்தமானவை அல்ல, தசையிலும் உண்டு. ஆகவே பிலிருபின் சரியாக இருந்து இவை மட்டும் ஏறியிருக்கும் குழந்தைக்கு சி.கே. என்ற இன்னொரு பரிசோதனையையும் எழுத வேண்டும். சாதாரணமாகச் சில நூறுக்குள் இருக்கும். இந்தப் பையனுக்கு 10,000-ஐத் தாண்டி இருந்தது. எங்கள் வட்டார மருத்துவர்கள் கூட்டத்தில் பேசச் சொன்ன ஒவ்வொரு முறையும் நான் இதைத்தான் முதலில் சொல்கிறேன். ஈரல் மருந்து சாப்பிட்டு வருடங்களை இழக்கும் பிள்ளைகள் உண்மையிலேயே இருக்கிறார்கள்.

மரபணுப் பரிசோதனை உறுதிசெய்தது. குடும்பத்தை உட்காரவைத்துச் சொன்னபோது அப்பத்தா கேட்ட முதல் கேள்வி, "சொந்தத்துல கட்டினதாலயா டாக்டரம்மா?" பையனின் அம்மா தன் தாய்மாமனைத்தான் கட்டியிருந்தார். அவர் தலை நிமிரவே இல்லை. இந்த இடத்தில் மருத்துவர் தெளிவாகப் பேச வேண்டும். இந்தக் குறை எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. சொந்தத்தில் கட்டினாலும் அசலில் கட்டினாலும் வரும். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குழந்தைகளுக்கு அது தாயிடமிருந்துகூட வந்ததில்லை, கருவில் புதிதாக ஏற்பட்டது. தாயிடமிருந்தே வந்திருந்தாலும் அது அவர் செய்த குற்றமில்லை. சொந்தத்தில் கட்டுவதால் கூடுகிற தசை நோய்கள் வேறு வகை. இடுப்பையும் தோளையும் தாக்கும் அவற்றில் பல, பெண் பிள்ளைகளுக்கும் வரும். இதை அப்பத்தா காதுபட, அப்பா காதுபட, இரண்டு முறை சொன்னேன். அந்த அம்மாவுக்கு இனி இருபது வருடம் அந்த வீட்டில் இருக்கிறது. அவர்மேல் பழி விழுந்துவிட்டால் பையனைத் தூக்கிச் சுமக்கும் கைக்கும் பலம் போய்விடும்.

"மருந்து இருக்கா?" என்றார் அப்பா. குணமாக்கும் மருந்து நம் கைக்கு எட்டும் தூரத்தில் இல்லை, நடக்கும் காலத்தை நீட்டும் மருந்து இருக்கிறது என்றேன். பிரட்னிசலோன், இல்லாவிட்டால் டெஃப்லசகார்ட். மலிவானவை, எங்கள் ஊர் மருந்துக் கடையிலேயே கிடைப்பவை. தஞ்சாவூரில் அளவு குறித்துக் கொடுத்தார்கள். அதைக் கவனித்துக்கொண்டது நான். எடை ஏறுகிறதா, பிரஷர் ஏறுகிறதா, கண்ணில் புரை விழுகிறதா, எலும்பு வலுவாக இருக்கிறதா. எல்லாவற்றையும்விட முக்கியம், திடீரென்று நிறுத்தக் கூடாது. "ஸ்டீராய்டு கிட்னியக் கெடுத்துடும்" என்று யாராவது உறவினர் சொல்லி, ஒரே நாளில் மாத்திரையைத் தூக்கி எறிந்த வீடுகளை எனக்குத் தெரியும். மாதக்கணக்கில் வெளியிலிருந்து வந்த சுரப்பு ஒரு நாளில் நின்றால் குழந்தை மயங்கி விழும். ஒரு வாந்திபேதியில்கூட உயிர் போகலாம். மாத்திரை வயிற்றில் தங்காவிட்டால் உடனே ஊசி போட வேண்டும் என்பதை அந்த அம்மா பரீட்சைக்குப் படிப்பதுபோல ஒப்பித்துக் காட்டுவார்.

அப்பாவுக்கு வேறு வகையில் சொல்ல வேண்டியிருந்தது. மகன் கால் பலமாகட்டும் என்று தினமும் மாடிப்படி ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். பள்ளியில் பி.டி. மாஸ்டரும் ஓட விட்டார். கிழிகிற தசைக்கு இது ஆகாது. குறிப்பாகப் படி இறங்குவது. நீச்சல் நல்லது, நடை நல்லது. குதிகாலைக் கையில் ஏந்திக் காலை நிதானமாக மடக்கி இழுத்துவிடுவது, ராத்திரி காலுக்குப் பட்டை போட்டுத் தூங்குவது, இவைதான் அவனை நிற்கவைக்கும். குதிகால் தசைநாண் சுருங்கிவிட்டால் தசையில் மிச்சமிருக்கும் பலமும் வீணாகிவிடும். ஒருமுறை விழுந்து தொடை எலும்பில் விரிசல் விட்டது. மாவுக்கட்டு போட்டு வாரக்கணக்கில் படுக்கவைப்பது மற்ற பிள்ளைகளுக்குச் சரி. இவனைப் போன்றவர்கள் அப்படிப் படுத்தால் பிறகு நடக்கவே மாட்டார்கள். எலும்பு மருத்துவரிடம் போனில் பேசி, சீக்கிரமே நிற்கவைக்கும் வழியைக் கேட்டு வாங்கினேன். அதற்குப் பிறகு ஏறக்குறைய இரண்டு வருடம் நடந்தான்.

அவன் புத்தகப் பையில் ஒரு அட்டை இருக்கும். நோயின் பெயர், சாப்பிடும் மாத்திரை, அதற்குக் கீழே சிவப்பு மையில்: மயக்க மருந்து கொடுக்கும்போது சக்சினைல்கோலின் கூடாது. இந்தப் பிள்ளைகளுக்கு அந்த ஊசி பொட்டாசியத்தை ஏற்றி இதயத்தை நிறுத்திவிடக்கூடும். குடல்வால் வலி என்று ஏதோ ஊரில் நள்ளிரவில் அவசர அறுவைச் சிகிச்சைக்குப் போனால், அந்த அட்டைதான் அவனுக்காகப் பேச வேண்டும்.

மெதுவாக வரும் நோய்களைப் பற்றியே சொல்லிக்கொண்டிருக்கிறேன். சில மணி நேரத்தில் மூச்சை நிறுத்துகிறவையும் எங்கள் வாசலுக்குத்தான் முதலில் வருகின்றன.

ஐப்பசி அடைமழையில் ஒரு விடியற்காலை, வயிற்றுவலி, வாந்தி என்று ஒரு இளம்பெண்ணைக் கொண்டுவந்தார்கள். ராத்திரி சாப்பிட்ட பரோட்டா என்றார் கணவர். வழியில் ஒரு இடத்தில் கேஸ் ஊசி போட்டிருந்தார்கள். அந்தப் பெண் என்னைப் பார்ப்பதற்குத் தலையைப் பின்னால் சாய்த்தார். இமைகள் பாதிக் கண்ணை மூடியிருந்தன. பேச்சு மூக்கால் வந்தது. "ராத்திரி எங்கம்மா படுத்திருந்தே?" "தரையிலதான்." உடம்பெல்லாம் தேடியும் கடித்த தடம் இல்லை, வீக்கம் இல்லை. கட்டுவிரியன் அப்படித்தான். எங்கள் பக்கம் எட்டடி விரியன் என்பார்கள். ராத்திரியில் தரையில் தூங்குகிறவர்களைக் கடிக்கும், பல சமயம் வலியே தெரியாது. ரத்தம் உறைகிறதா என்று கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் வைத்துப் பார்த்தால் ஒழுங்காக உறையும். அதை நம்பிப் பாம்பு இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. விடியலில் வயிற்றுவலி, கூடவே இமை தாழ்ந்தால், தடம் இல்லாவிட்டாலும் அது பாம்பு என்றே நான் நடப்பேன். 108-ஐ அழைத்து, மூச்சு தளர்ந்தால் கொடுக்க ஆம்பு பையோடு எங்கள் நர்ஸையும் வண்டியில் ஏற்றினேன். அரசு மருத்துவமனையில் விஷமுறிவு மருந்து 10 குப்பி ஏற்றி, வென்டிலேட்டரில் வைத்தார்கள். அந்த மருந்துக்கான விஷத்தில் பெரும்பகுதி, மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போவது. அவர்கள் கை படாத விஷக்கடிப் படுக்கை நம் ஊரில் குறைவு.

அந்தப் பெண் சில நாளில் பிழைத்து வந்தார். வந்ததும் சொன்னார்: "எல்லாரும் பேசுனது கேட்டுச்சுங்கம்மா. 'பிழைக்காது'ன்னு மாமியார் அழுதது கேட்டுச்சு. கண்ணத்தான் திறக்க முடியல." கட்டுவிரியன் விஷத்தில் இமை, விழி, கண்ணின் பாவை எல்லாமே அசைவற்றுப்போகும். மூளைச்சாவு போலவே தோன்றும். உள்ளே ஆள் முழுசாக விழித்திருப்பார். அதனால்தான் இப்படிப்பட்டவர்களின் கட்டிலருகே யாரும் கைவிட்ட பேச்சுப் பேசக் கூடாது என்று உறவினர்களுக்குச் சொல்லியே அனுப்புகிறேன்.

மூச்சுத்தசை தளர்வதை விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி கடைசியில்தான் காட்டும். அதற்கு முன்னால் காட்டுவது எண்ணிக்கை. "நல்லா மூச்சை இழுத்துக்கிட்டு, ஒரே மூச்சில ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணுங்க." சாதாரண ஆள் முப்பது, நாற்பதுக்குச் சிரமமில்லாமல் போவார். இருபதுக்குள் நின்றால் கவலைப்பட வேண்டும். அடுத்த முறை எண்ணும்போது அது இன்னும் குறைந்தால் வண்டி வரும்வரை காத்திருப்பதற்கு நேரமில்லை. இன்னொன்று கழுத்து. தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்வேன். பூச்சிமருந்து உடம்பில் ஏறியவர்கள், முதல் நெருக்கடி தாண்டி, கண் விழித்துப் பேசிக்கொண்டிருக்கும்போது, ஒன்றிலிருந்து நான்கு நாளுக்குள் திடீரென்று மூச்சு நின்று போவதுண்டு. இலங்கையில் சேனாநாயக்கவும் கரல்லியத்தவும் 1987-இல் இதைத் தனியாக இனங்கண்டு எழுதினார்கள். அந்த ஆபத்து முதலில் தெரிவது கழுத்தில்தான். தலை தூக்க முடியாதவரை வார்டிலிருந்து வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

கில்லன்-பாரே நோய்க்கும் இந்த எண்ணிக்கைதான் என் காவல். முதல் உலகப் போரின் நடுவே, 1916-இல், பிரெஞ்சு மருத்துவர்கள் இரண்டு சிப்பாய்களிடம் கண்டு எழுதிய நோய் அது. வாந்திபேதியோ சளிக்காய்ச்சலோ வந்து போன ஓரிரு வாரத்தில் பாதத்தில் எறும்பூறும். அடுத்தடுத்த நாளில் கால், பிறகு கை தளரும். முழங்காலில் சுத்தியல் தட்டினால் கால் உதறாது. 2025 தொடக்கத்தில் புணேயில் ஒரே பகுதியில் பலருக்கு வந்ததாகச் செய்தி வந்தபோது, கால் மரத்த ஒவ்வொருவரும் பயந்து வந்தார்கள். பயம் நியாயம்தான். ஆனால் முழங்கால் உதறினால், பாயிலிருந்து எழுந்தால், பயத்தை அங்கேயே இறக்கி வைக்கலாம். நோய்தான் என்றால் இமியூனோகுளோபுலின் ஏற்றவோ பிளாஸ்மா மாற்றவோ வசதியுள்ள இடத்துக்குப் போகும் வழியில் ஒரு மணி நேரத்தைக்கூட வீணாக்கக் கூடாது. 15 வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கை கால் திடீரென்று துவண்டால் கூடுதலாக ஒரு கடமை இருக்கிறது. இந்தியா போலியோ இல்லாத நாடு என்று 2014 மார்ச்சில் சான்று பெற்றது. அந்தச் சான்று நிற்பது, துவண்டுபோன ஒவ்வொரு பிள்ளையையும் சுகாதாரத் துறைக்குத் தெரிவித்து, 14 நாளுக்குள் இரண்டு முறை மலம் எடுத்து அனுப்புவதால்தான். நான் உடனே போன் செய்துவிடுவேன்.

எங்கள் ஊரில் கிடா வெட்டுக்கு மறுநாள் காலை ஒரு தனி ரகம். முதல் நாள் முழுக்கப் பந்தல் வேலை செய்து, ராத்திரி வயிறு முட்டச் சாப்பிட்டுத் தூங்கிய இளைஞர், விடிந்ததும் காலை அசைக்க முடியாமல் கிடப்பார். "காத்துக் கருப்பு அடிச்சிருச்சு" என்று விபூதி பூசியே கொண்டுவருவார்கள். பொட்டாசியம் பார்த்தால் 2-ஐ ஒட்டி நிற்கும். இவருக்கு குளுக்கோஸ் டிரிப் போட்டால் இன்சுலின் ஏறி, இருக்கும் பொட்டாசியமும் செல்லுக்குள் ஓடி, தளர்ச்சி முற்றும். எங்கள் பக்கத்தில் படுத்தவருக்கெல்லாம் முதலில் ஏறுவது குளுக்கோஸ் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். பொட்டாசியம் சிரப்பை வாய்வழி, அளவு பார்த்துக் கொடுத்தால் பல சமயம் அன்று சாயந்திரமே நடப்பார். அளவு மீறினால் இதயத்துக்கு ஆபத்து. அதனால் இ.சி.ஜி. பக்கத்தில் இருக்க வேண்டும். பிறகு தைராய்டு பார்க்காமல் விடுவதில்லை. தைராய்டு அதிகமாகச் சுரக்கும் ஆண்களுக்கு இது வரும். அதைச் சரிசெய்தால் திரும்ப வராது.

சாயந்திரம் வரும் நோய் ஒன்று உண்டு. பக்கத்துக் கிராமத்தில் ஒரு அங்கன்வாடிப் பணியாளர். காலையில் குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பார், குரல் கணீரென்று இருக்கும். மதியம் குரல் மூக்குக்குப் போய்விடும். சாப்பிடும்போது பாதிச் சோற்றில் தாடை ஓய்ந்து, கையால் தாங்கிக்கொண்டு மெல்வார். எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்று கண்ணாடியை மாற்றிப் பார்த்தார். என்னிடம் காலையில் வந்தபோது ஒன்றும் இல்லை. "சாயந்திரம் ஆறு மணிக்கு வாங்க" என்றேன். வந்தார். ஒரு இமை தாழ்ந்திருந்தது. மேலே பார்க்கச் சொல்லிக் கொஞ்ச நேரம் வைத்திருந்தால் இன்னும் இறங்கியது. பக்கத்து ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கி, கையுறைக்குள் போட்டு, மூடிய இமைமேல் இரண்டு நிமிடம் வைத்தேன். எடுத்ததும் இமை மேலே நின்றது. கூட வந்த மகள் செல்போனில் இரண்டையும் படம் எடுத்திருந்தாள். அந்தப் படங்களையே கடிதத்தோடு இணைத்து அனுப்பினேன். மயஸ்தீனியா என்று உறுதிசெய்து, நெஞ்சில் தைமஸ் சுரப்பியில் கட்டி இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டு அனுப்பினார்கள்.

நரம்பின் நுனியிலிருந்து தசைக்குப் போகும் செய்தி வாசலிலேயே தடுக்கப்படும் நோய் இது. 1934-இல் லண்டனில் மேரி வாக்கர் என்ற மருத்துவர், இந்த நோயாளிகள் கியூராரே விஷம் ஏறியவர்களைப் போலவே இருக்கிறார்களே என்று யோசித்து, அந்த விஷத்துக்கான மாற்றைக் கொடுத்துப் பார்த்தார். வேலை செய்தது. இன்று நாம் கொடுக்கும் பிரிடோஸ்டிக்மின் அந்த வழியில் வந்ததுதான். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட்டால் சோற்றை முழுதாக மெல்லலாம். ஆனால் இந்த நோயில் உள்ளூர் மருத்துவரின் பெரிய வேலை கொடுப்பதில் இல்லை, தடுப்பதில் இருக்கிறது. சளிக்கு அசித்ரோமைசின், பேதிக்கு சிப்ரோஃப்ளாக்சசின், சிறுநீர்க் கிருமிக்கு ஜென்டாமைசின், படபடப்புக்கு புரோப்ரனலால் என்று நாம் தினமும் எழுதுபவை பலவும் இவருடைய மூச்சை நிறுத்தக்கூடியவை. பட்டியல் எழுதி மூன்று படி எடுத்தேன். ஒன்று அவர் பர்ஸில், ஒன்று எங்கள் ஊர் மருந்துக் கடைத் தம்பியிடம், ஒன்று அவர் ஊர் கிராம சுகாதார செவிலியரிடம். மருந்துக் கடைத் தம்பி அதைக் கல்லாப்பெட்டிக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறார்.

மோட்டார் நியூரான் நோயோடு யாராவது வந்தால் எனக்கு இன்றும் கை தளரும். அறுபதை ஒட்டிய விவசாயி ஒருவர், மண்வெட்டி கையில் நிற்கவில்லை என்று வந்தார். கழுத்தெலும்புத் தேய்மானம் என்று பட்டை போட்டிருந்தார்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சதை குழிந்திருந்தது. நாக்கை நீட்டாமல் வாயைத் திறக்கச் சொன்னேன். நாக்கின் மேல் புழு நெளிவதுபோல் துடிப்பு. உணர்ச்சி எங்கும் குறையவில்லை. இதே நோய்க் குடும்பத்தில், இளைஞர்களுக்கு வந்து காதையும் மந்தமாக்கி மெதுவாகப் போகும் ஒரு வகையை 1970-இல் சென்னையில் மீனாட்சிசுந்தரமும் உடன் பணிபுரிந்தவர்களும் விவரித்தார்கள். உலக மருத்துவ நூல்களில் அது மெட்ராஸ் என்ற பெயரோடு இருக்கிறது. இவருடையது அந்த நிதான வகை இல்லை. பெரியாஸ்பத்திரியில் உறுதியானதும், அவர் மகன் "அப்பாகிட்ட சொல்ல வேணாம்" என்றார். ஆனால் பெரியவரே என்னிடம் நேராகக் கேட்டார்: "நாத்து நடவு வரைக்கும் தாங்குவனா ஆத்தா?" தாங்குவீங்க ஐயா, அதற்குப் பிறகு என்னென்ன வரும், எதற்கெல்லாம் வழி இருக்கிறது என்று சொல்கிறேன் என்றேன். நிலத்தைப் பிரித்து எழுதி முடித்தார். எதையும் மறைக்க வேண்டியில்லாத வீட்டில் பராமரிப்பு சுலபம்.

பெரியவருக்கு ரசமும் தண்ணீரும் புரையேறும், கெட்டித் தயிரும் குழைந்த சோறும் இறங்கும். வயிற்றில் உணவுக்குழாய் போடுவதென்றால் மூச்சு நன்றாக இருக்கும்போதே போட வேண்டும். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வழியாக பிசியோதெரபிஸ்டும் நோய்த்தணிப்பு நர்ஸும் வீட்டுக்கே வந்தார்கள். பேச்சு முற்றிலும் நின்றதும் பேத்தி ஒரு வழி கண்டுபிடித்தாள். பள்ளியில் கொடுத்த உயிர்மெய் எழுத்து அட்டையை எடுத்து, முதலில் மெய்யெழுத்து வரிசையில் விரலை நகர்த்துவாள். தாத்தா இமைத்ததும் நிறுத்தி, உயிரெழுத்து வரிசையில் நகர்த்துவாள். மறுபடி இமைப்பு. இரண்டு இமைப்பில் ஒரு எழுத்து. நான் போயிருந்த அன்று அவர் சொல்லி முடித்த வாக்கியம்: மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சா.

அந்தப் பையன் இப்போது சக்கர நாற்காலியில் இருக்கிறான், பத்தாம் வகுப்பு. வகுப்பறையைத் தரைத்தளத்துக்கு மாற்றச் சொல்லித் தலைமை ஆசிரியரிடம் பேசியதும், சாய்தளம் போடவைத்ததும் மருந்து எழுதியதற்குச் சமமான வைத்தியம்தான். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைகளில் தசைச்சிதைவும் ஒன்று. தமிழ்நாடு அரசு இவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை தருகிறது. அடையாள அட்டைக்கான சான்றிதழுக்கு அம்மாவை அலையவிடாமல் தாள்களை முழுதாக எழுதிக் கொடுப்பேன். சேலத்தில் வானவன்மாதேவி, இயல்இசை வல்லபி சகோதரிகள், தாங்களே தசைச்சிதைவு நோயோடு வாழ்ந்துகொண்டு, ஆதவ் அறக்கட்டளையைத் தொடங்கி மற்ற நோயாளிகளைக் கவனித்ததை அந்த அம்மாவிடம் சொன்னேன். கைப்பேசியில் அவர்கள் பேசிய வீடியோவைத் தேடிப் பார்த்துவிட்டு மறுநாள் போன் செய்தார்.

இப்போது கவனம் முழுக்க நெஞ்சில். வருடா வருடம் எக்கோ. இருமல் வலுவில்லாததால் சளி தங்கும், ஆம்பு பையால் காற்றை அடுக்கடுக்காக நிரப்பி இருமவைக்க அப்பாவுக்குப் பழக்கியிருக்கிறோம். காலையில் தலைவலி, பகலில் தூக்கம் என்று சொன்னால் ராத்திரி மூச்சு போதவில்லை என்று பொருள். வெறும் ஆக்சிஜன் கொடுத்தால் கரியமில வாயு ஏறி மயக்கத்தில் தள்ளிவிடும், வேண்டியது பைபேப் கருவி. ஒரு கருவி கிடைத்திருக்கிறது, ராத்திரி போட்டுத் தூங்குகிறான். அம்மாவுக்கும் எக்கோ எடுத்தோம். மரபணுக் குறையைச் சுமக்கும் தாய்மாருக்கும் இதயம் தளரலாம் என்பதைப் பலர் யோசிப்பதில்லை.

அந்த அம்மாவின் தங்கைக்குப் போன தையில் கல்யாணம். அக்கா சுமப்பவர் என்று தெரிந்ததால் தங்கைக்கும் பாதிக்குப் பாதி வரை வாய்ப்பு. நிச்சயத்துக்கு முன்பே என்னிடம் தனியாக வந்தாள். மாப்பிள்ளை வீட்டில் சொல்ல வேண்டுமா என்று கேட்டாள். முடிவு உன்னுடையது, எது செய்தாலும் நான் கூட இருப்பேன் என்றேன். அவள் மாப்பிள்ளையிடம் தானே சொல்லிவிட்டாள். பரிசோதனையில் அவளும் சுமப்பவள்தான். கல்யாணம் முடிந்து இருவருமாகவே வந்தார்கள். கரு உண்டானால் 11 வாரத்தை ஒட்டி நஞ்சுக்கொடித் திசு எடுத்துப் பார்க்கலாம். பாலினம் கண்டறிவதைத் தடை செய்யும் 1994 சட்டமே, பாலினத்தோடு இணைந்த இந்த நோய்களுக்காகப் பதிவுபெற்ற மையங்களில் இந்தப் பரிசோதனையை அனுமதிக்கிறது. அதற்குப் பையனின் மரபணு ரிப்போர்ட் கையில் இருக்க வேண்டும். ஒரு படி அவர்களிடம், ஒரு படி என் பீரோவில். நாள் தள்ளிப்போன வாரமே போன் செய்யச் சொல்லியிருக்கிறேன், ஆறு வாரத்துக்குள் தெரிந்தால்தான் மதுரையிலோ சென்னையிலோ நாள் வாங்க முடியும்.